தரை தேடும் கால்

எண்ணூர் ஆற்றில் இறால் தடவிப் பிழைத்தவன் நான். நீச்சல் தெரியாது. தேவைப்படவில்லை. பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடப்போம். கால் தரையைத் துழாவும், கை இறாலைத் துழாவும்.

என் மகன் பாஸ்கருக்கும் அந்தத் தொழில்தான். ஆற்றின் நடுவே மிஷின் வைத்துப் பள்ளம் தோண்டினார்கள். எங்கே தோண்டினோம் என்று எவனும் சொல்லவில்லை. பள்ளத்தின் மேல் மின் நிலையத்துச் சாம்பல் சேறு படிந்து தரை போலவே இருந்தது. போன ஐப்பசியில் அவன் கால் அதை நம்பியது.

அதற்குப் பிறகு அவன் மனைவி வினிதா நீச்சல் கற்றுக்கொண்டாள். இப்போது தனியாக அவளே பறியோடு இறங்குகிறாள். கூட வருகிறேன் என்றேன்.

"நீந்த கத்துக்கினு வா மாமா. இல்லாங்காட்டி கரையில குந்து. இன்னொரு பொணத்த என்னால தேட முடியாது."

சரி, நீயே கற்றுக்கொடு என்றேன். மல்லாக்கப் படுக்கவைத்து முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்தாள்.

"ஒடம்ப வுடு மாமா. இன்னாத்துக்கு கட்டை மாரி வெறைச்சிக்கினு கீற?"

"கைய எடுக்க மாட்டியே?"

"மாட்டேன்."

ஆயுசு முழுக்கத் தரையைத் தேடிய கால் தானாகக் கீழே போனது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த திருமுருகன் சிரித்தான்.

"இன்னா பெருசு, மருமவ கையில தூளியா? தாலாட்டு பாடட்டா?"

"பாடுடா. உன் கொரல கேட்டா மீனெல்லாம் பயந்து கரையேறிடும்."

தினமும் போனோம். ஒரு காலை உடம்பு லேசானது. காதில் தண்ணீர், கண்ணில் மின் நிலையத்துப் புகைபோக்கி. தலையைத் திருப்பினேன். வினிதாவின் இரண்டு கையும் அவள் கொண்டையை முடிந்துகொண்டிருந்தன.

மார்பளவுத் தண்ணீர்தான். ஆனாலும் மூழ்கினேன். சட்டையைப் பிடித்துத் தூக்கினாள்.

"எடுக்க மாட்டேன்னியே!"

"எப்பவோ எடுத்துட்டேன் மாமா. நீயாத்தான் மெதந்துக்கினு இருந்த."

"பொய் சொன்ன இல்ல?"

"சொல்லலைன்னா மெதந்திருப்பியா?"

கரையேறி வீட்டுக்கு நடந்தேன். மறுநாள் கூப்பிட்டாள், போகவில்லை. அதற்கு மறுநாளும். பிறகு அவள் கூப்பிடவில்லை.

இன்று முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன். காலடியில் தரை இருக்கிறது. தூரத்தில் பள்ளத்துப் பக்கம் அவள் தலை தெரிகிறது, மறைகிறது, தெரிகிறது. பல்லில் பறிக் கயிறு. கூப்பிட நினைத்தாலும் அவளால் முடியாது.