பாலத்து மேடு

எனக்கு வலது கால் முழங்காலுக்கு மேலிருந்தே கிடையாது. ரயில்வேயில் பெட்டி கோக்கும்போது போனது. "ஐயோ பாவம்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வாய்களை அடைக்கத்தான், ஊருக்குக் கப்பலேறிய துரை ஒருவருடைய பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினேன். கட்டைக்காலைத் தோல்வாரால் வண்டியோடு கட்டிக்கொண்டு பினாங்குக்கும் போனேன், சிங்கப்பூருக்கும் போனேன்.

ஒரே ஒரு தொல்லை. வண்டி நின்றால் இஞ்சின் அணைந்துவிடும். மிதித்துக் கிளப்ப வலது கால் வேண்டும். அதனால் மேடு பார்த்துத்தான் நிறுத்துவேன்; சரிவில் உருண்டால் தானே கிளம்பிவிடும். மேடு இல்லாத இடத்தில் தள்ளிவிடச் சொல்லி எவனையாவது கெஞ்ச வேண்டும். கெஞ்சுவது எனக்கு ஆகாது. இதெல்லாம் தங்கை இராஜம்மாவுக்கு நன்றாகத் தெரியும். கிள்ளானைத் தாண்டி, காப்பார் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீடுகளில் ஒன்று அவளுடையது. நான் போனால் தள்ளிவிடுவது அவள்தான். "ஒரு கல்யாணம் பண்ணிக்கண்ணே, தள்ளுறதுக்காவது ஆளு வேணாமா?" என்று கேலி பேசிக்கொண்டே தள்ளுவாள்.

அந்த முறை சிங்கப்பூரில் ஒரு சீனத் தச்சனிடம் புதுக் கட்டைக்கால் செய்து மாட்டிக்கொண்டு, இரண்டு நாள் ஓட்டித் திரும்பினேன். வழியெல்லாம் கையைக் காட்டி நிறுத்துவார்கள். என்னவோ ஏதோ என்று நின்றால், "காலைக் கொஞ்சம் காட்டுங்க" என்பார்கள். செமினியில் ஒருவன் கட்டையைத் தட்டியே பார்த்தான். இனி எவனுக்கும் நிற்பதில்லை என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு முன்னால் நிறுத்தியதும், பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து குணேஸ்வரி அக்கா ஓடிவந்தார். "தம்பி, காலமை தந்தி வந்தது. தங்கச்சிக்குப் பிள்ளைப்பேறு கடுமையாம். உம்மை உடனே வரட்டாம்."

நான் இறங்கவே இல்லை. அவர் வீட்டுக்காரர் தள்ளிவிட்டார்.

கிள்ளானைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நாலாவது மைலில் ஒரு பாலம். அதில் ஏறும்போது, முகம் தெரியாமல் தலையில் கோணிச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓர் ஆள் இரண்டு கையையும் ஆட்டியபடி குறுக்கே ஓடிவந்தான். அவனுக்குப் பின்னால் அச்சு முறிந்த கூண்டு மாட்டு வண்டி ஒன்று சாய்ந்து கிடந்தது. ஏதோ கத்தினான், இஞ்சின் சத்தத்தில் காதில் விழவில்லை. சனியன், இங்கேயும் ஒருவனா என்று திட்டிக்கொண்டே ஒதுங்கி ஓட்டினேன். என் தங்கை வலியில் கிடக்கிறாள், இவனுக்கு நான் நிற்கவா?

லயத்தில் அவள் வீடு பூட்டிக் கிடந்தது. அடுத்த வீட்டு மாரியாயி என்னைப் பார்த்துத் திகைத்தாள். "காலையிலயே மாட்டு வண்டி கட்டி, கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ட்டாங்களே. வழியில பாக்கலியாண்ணே?"

தள்ளுங்கள், தள்ளுங்கள் என்று லயத்து ஆட்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன். நாலு பேர் தள்ளினார்கள்.

பாலத்தில் தங்கை புருஷன் பக்கிரிசாமி மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். தலையில் இருந்த சாக்கை இராஜம்மா மேல் போர்த்தியிருந்தான், முகத்தையும் மூடி. பிள்ளையும் வயிற்றோடு போய்விட்டது. அப்போதே நின்று, கிள்ளானுக்குத் திரும்பி, ஒரு மோட்டார் காரை அழைத்து வந்திருந்தால் அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"வண்டிச் சத்தம் கேட்டதுமே, அண்ணன் வந்துருச்சுன்னு சொன்னா மச்சான். நீங்க நிக்காம போனதும் எனக்கு ஆத்திரம். அவதான், 'திட்டாதீங்க, மேடு தேடிப் போயிருக்கும், நிறுத்திட்டு வந்துரும்'னா. கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடந்தா." முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "மேடு கெடைக்கலியா மச்சான்?"

அந்தச் சாலையில் எனக்குத் தெரிந்த ஒரே மேடு, நாங்கள் இருந்த அந்தப் பாலம்தான். என் வண்டி அதன் உச்சியில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றது.

"கெடைக்கல" என்றேன்.