மூக்கை நுழைத்த கீதா

"நீ இதுல மூக்க நுழைக்காத" என்பது சக்திவேலின் வாயில் ஒட்டிக்கொண்ட வசனம். கீழ்க்கட்டளையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். வீட்டில் எது பழுதானாலும் கடையிலிருந்து ஒரு சாமானோடு வந்து நிற்பார். போன வருடம் லட்டு என்ற முயலுக்கு நகம் வெட்ட, அதை அமுக்கிப் பிடித்தார். அது உதறிய உதறலில் முதுகெலும்பே முறிந்து செத்துப்போயிற்று. "அதுவா துள்ளுச்சு, நான் இன்னா பண்ணட்டும்?" என்றார் அந்த மகராசன். நினைத்தால் மனைவி கீதாவுக்கு இன்றும் வயிறு எரிகிறது.

இப்போது அடுத்த முயல், பூந்தி. முன்பற்கள் வளைந்து வளர்ந்து, புல்லைக்கூடக் கடிக்க முடியாமல் சுருண்டு கிடந்தது. முயலுக்குப் பட்டினி ஆகவே ஆகாது. பல்லை வெட்டச் சக்திவேல் கட்டிங் பிளேயர் தேடப் போன நேரம் பார்த்து, கீதா கூடையோடு ஆட்டோ ஏறி ராஜகீழ்ப்பாக்கம் கால்நடை கிளினிக்குக்கு வந்துவிட்டாள். பைக்கில் பின்னாலேயே வந்து சேர்ந்தார் அவர், சட்டைப்பையில் பிளேயரோடு.

டாக்டர் டெபோரா ஊசியைக் கழற்றிவிட்டு, வெறும் சிரிஞ்சில் மயக்க மருந்தை எடுத்தார். "மூக்குலதான் விடப்போறேன். முயல் மூக்காலதான் மூச்சு விடும், அதனால சொட்டு சொட்டா, மெதுவா. தலைய மட்டும் நிமிர்த்திப் பிடிங்க அக்கா. அமுக்கவே கூடாது."

"இன்னா மேடம், பல்லு வெட்ட மயக்க மருந்தா? முழிக்காம போச்சுன்னா? நவுருங்க, நான் புடிச்சுக்கிறேன்." பிளேயர் வெளியே வந்தது. "கீதா, நீ இதுல மூக்க..."

"நுழைப்பேன். லட்ட புடிச்ச கை அது. பூந்தி மேல பட்டுச்சு, நான் மனுசியா இருக்க மாட்டேன். அந்த பிளேயர மேஜைல வெச்சிட்டு அந்தாண்ட போய் குந்துங்க."

காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! சக்திவேல் பிளேயரை மேஜையில் வைத்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தார்.

ஒரு துவாரத்தில் ஒரு சொட்டு. அது உள்ளே போனதும் மறு துவாரத்தில் ஒன்று. கொஞ்ச நேரத்தில் காதுகள் தொங்கின, உடம்பு தளர்ந்தது. பல் வெட்டும் சின்ன மெஷின் உறுமி ஓய்ந்தபோது பற்கள் அளவாக இருந்தன. எழுப்பும் மருந்தையும் டாக்டர் மூக்கில்தான் விட்டார்.

பூந்தி அசையவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்" என்றது மூலையிலிருந்து ஒரு குரல். கீதா திரும்பவில்லை. இந்த ஆளுக்கு முன்னால் அழுவதாக இல்லை. அந்தச் சின்ன மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூக்கு துடித்தது. பிறகு காது நிமிர்ந்தது. சாயங்காலம், கிளினிக்கிலேயே கீதா நீட்டிய கொத்தமல்லிக் காம்பை மொறுமொறுவென்று கடித்தது.

சக்திவேல் எழுந்து வந்தார். "சரி குடு, வண்டில வெச்சு எடுத்துனு போறேன்."

கீதா கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மேஜையிலிருந்த பிளேயரை எடுத்து, நீட்டிய அந்தக் கையில் வைத்தாள்.

"இது கடையிலயே இருக்கட்டும். இனிமே வூட்டுக்குள்ள வரக் கூடாது."