மூடியில் நின்ற நீர்

1942 ஜூன் ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு நுயி சாற்றுக் கிண்ணத்தைத் திறந்தாள். மூடியின் உட்பக்கம் காய்ந்து கிடந்தது.

கிண்ணத்திலிருந்து ஆவி என்னவோ குபுகுபுவென்றுதான் வந்தது. கொதிக்கக் கொதிக்க ஊற்றிய மிசோ என்னும் சோயா விழுதுச் சாறு. அதன்மேல் கால் மணி நேரம் கிடந்த மரமூடியில் பொட்டு ஈரம் இல்லை.

ஜப்பானின் கூரே துறைமுகத்தில் கடலுக்குப் போனவனுக்கு வீட்டில் தனித்தட்டு உண்டு. தினமும் காலையில் அவன் படத்துக்கு முன்னால் சோறு, சாறு, முள்ளங்கி ஊறுகாய். இங்கே படைத்தால் அங்கே அவன் பசியறியமாட்டான். கிண்ண மூடியில் துளி நின்றால் ஆள் உயிரோடு இருக்கிறான். நிற்காவிட்டால் இல்லை. அதற்குத் தந்தியும் வேண்டாம், தபால்காரனும் வேண்டாம்.

அவள் புருஷன் தெய்சோ, ஒரு விமானந்தாங்கிக் கப்பலில் கொதிகலன் அறையில் வேலை பார்ப்பவன். மே மாதக் கடைசியில் கிளம்பினான். எங்கே என்று அவனும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

"ஏண்டி, மூடி எங்கே?" உள்ளேயிருந்து மாமியார் குமே குரல் கொடுத்தாள்.

குமேக்கு இரண்டு கண்ணிலும் புரை. மகனின் மூடியைத் தடவிப் பார்த்த பிறகுதான் தன் கஞ்சியைத் தொடுவாள். நுயி சட்டென்று தண்ணீர்த் தொட்டியில் விரலை நனைத்து மூடிக்குள் தெளித்தாள்.

"இந்தாங்க அத்தை."

குமே நிதானமாகத் தடவினாள். "ம்... கழுதைப் பய நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டுக் கஞ்சியைக் குடித்தாள்.

மறுநாளும் மூடி காய்ந்திருந்தது. நுயி வேறு மூடி போட்டுப் பார்த்தாள். சாற்றை மறுபடி கொதிக்கவைத்து விளிம்புவரை ஊற்றினாள். ஆவியின்மேல் உள்ளங்கையை நீட்டினால் கை நனைந்தது. அதே ஆவியின்மேல் மூடியைக் கவிழ்த்தால் நனைய மாட்டேன் என்றது. அவளுக்குச் சமையலறையில் தனியாக நிற்கவே பயமாக இருந்தது. ஆனாலும் தெளித்தாள், நீட்டினாள், மாமியார் தடவினாள்.

நான்காம் நாள் தெருக்குழாயில் ஷிகே நின்றிருந்தாள். மூன்றாம் வீட்டுக்காரி, அவள் புருஷனும் அதே கப்பல்தான். வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள், அன்று ஊமையாட்டம் குனிந்திருந்தாள். அவள் கையில் ஒரு கிண்ண மூடி. கழுவவில்லை, குழாயைச் சொட்டவிட்டு, துளித்துளியாக அதில் ஏந்திக்கொண்டிருந்தாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்க வீட்டுல எப்பலேருந்து?" நுயி மெல்லக் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை. மணி ஏழரை இருக்கும்."

பின்னால் வரிசையில் மூன்று பெண்கள். மூன்று பேரும் எதையோ அங்கிக் கைக்குள் மறைத்தார்கள். எதை என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கப்பலுக்கு ஆள் அனுப்பிய வீடு தெருவில் ஆறு. ஐந்து வீட்டுக்காரிகள் அங்கே நின்றிருந்தார்கள். ஒருத்திகூட அழவில்லை, அழுதால் யாராவது காரணம் கேட்பார்கள் அல்லவா?

ஆறாவது வீடு தெருச்சங்கத் தலைவர் கடோவாக்கியுடையது. பதினொன்றாம் தேதி அவர் ஒரு கையில் செய்தித்தாளும் மறுகையில் கொடிக்கட்டுமாக வந்து சேர்ந்தார்.

"மிட்வேயில வெற்றி! எதிரியோட பெரிய கப்பல் ரெண்டு காலி! நம்ம பக்கம் சேதம் ரொம்பக் கொஞ்சம்!" என்று தெரு அதிரக் கத்தினார். மிட்வே என்ற பெயரையே தெரு அன்றுதான் கேட்டது. பெண்கள் தரையைப் பார்த்தபடி கொடிக்குக் கை நீட்டினார்கள். "என்ன இது, ஆளாளுக்கு மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு? எழவு வீடா? என் பையன் ரியோஜியும் அதே கப்பல்லதான் இருக்கான். என் வீட்டுக்காரி மூடியைத் திறந்தா தண்ணி சொட்டுது, தெரியுமா? வீண்புரளி கிளப்புறவங்க பேரை போலீசுக்கு எழுதிப் போட்டேன்னா அப்புறம் நடக்கிறதே வேற. நாளைக்கு எல்லா வாசல்லயும் கொடி பறக்கணும்!"

கொடியை வாங்கிக்கொண்டு நுயி உள்ளே வந்தாள். இந்தப் பொய்யை இனி ஒருநாள்கூடச் சுமக்க முடியாது என்று தோன்றிவிட்டது. பெற்றவளிடம் பிள்ளை போனதை மறைத்துக் கஞ்சி குடிக்க வைப்பது என்ன பிழைப்பு? நாளை தெளிக்கப் போவதில்லை. காய்ந்த மூடியை அப்படியே கொடுத்துவிடுவது, வருவது வரட்டும் என்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலை மூடியைத் திறந்தாள். உட்பக்கம் முழுக்கத் துளிகள். சொட்டிச் சோற்றில் விழுந்தன.

"அத்தை! அத்தை! நின்னிருக்கு! நான் தொடவேயில்லை, தானா நின்னிருக்கு!" சிரிப்பும் அழுகையுமாக ஓடினாள்.

குமே மூடியை வாங்கித் தடவினாள். அவள் முகம் மலரவில்லை. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு" என்றாள்.

நுயிக்குச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"ஆவி நின்ன மூடி சுடும்டி. ஒரு வாரமா நீ குடுத்தது ஜில்லுன்னு இருந்துச்சு. கண்ணுதான் போச்சு எனக்கு, விரலு போகலை."

"தெரிஞ்சிருந்தா அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே அத்தை!"

"கேட்டா நீ சொல்லிடுவியே." குமே மூடியை மடியில் வைத்துக்கொண்டாள். "ஆனா இது உன் தண்ணி இல்ல."

நுயியும் தொட்டு நாக்கில் வைத்தாள். கடலின் கரிப்பு. அதோடு கருகிய எண்ணெயின் வாடை. அவள் உடைந்து அழுதாள். சுவரில் கைவைத்துச் சரிந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

குமே அழவில்லை. "வந்துட்டான். அவ்வளவு தூரம் நடந்து வீடு வந்து சேர்ந்துட்டான். இனி கடலுக்குப் போனவன் தட்டுல அவனுக்குச் சோறு வைக்காதே. படத்தை முன்னோர் மாடத்துக்கு மாத்து. ஊதுபத்தி ஏத்து."

"வாசனை வெளியே போனா எழவு வீடுன்னு தெரிஞ்சிடும் அத்தை. கடோவாக்கி பேரை எழுதிப் போட்டுடுவாரு."

"போடட்டும். எம்புள்ள ஈரத்தோட நிக்கிறான், நீ கடோவாக்கியைப் பேசறே."

நுயி ஏற்றினாள். புகை மாடத்திலிருந்து இறங்கி, கதவிடுக்கில் நுழைந்து தெருவுக்குப் போனது. நிறுத்த முடியாமல் அதன் பின்னாலேயே வந்து கதவைத் தள்ளிப் பார்த்தாள். வாசலுக்கு வாசல் கொடி. ஷிகேயின் ஜன்னலில் புகை. எதிர்வீட்டிலும் புகை. காற்றே இல்லாத அந்தக் காலையில், ஐந்து வீட்டு ஊதுபத்தி வாசனையும் ஒன்றாகத் தெருவில் நின்றது.

கடோவாக்கி வந்துகொண்டிருந்தார். கையில் சுருட்டிய கொடி ஒன்று. ஒவ்வொரு வாசலிலும் நின்று மோந்தார். கடைசியில் நேராக இவள் வாசலுக்கு வந்தார். நுயி அங்கிக் கையால் புகையை விசிறினாள். அது போவதாக இல்லை.

அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். எதையோ சுவைத்தவர்போல் உதட்டைத் திரும்பத் திரும்ப நக்கிக்கொண்டார்.

"என் வீட்டுக்காரி ஒரு வாரமா என்னை ஏமாத்தியிருக்காம்மா" என்றார். "இன்னைக்கு நானே திறந்தேன்."

அவர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"ஏம்மா நுயி, எங்க வீட்டுல ஊதுபத்தி இல்லை. நான் கடையில போய் வாங்கினா ஊரே பார்க்கும். ஒண்ணே ஒண்ணு இருந்தா குடேன்."

நுயி இரண்டு கொடுத்தாள். அவர் அவற்றைக் கொடிக்குள் வைத்துச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.