வாடி போடி

நெட்டைக்குப் பதவி உயர்வு வந்தபோது ஆஸ்பத்திரியில் அவளைவிட அதிகமாகத் துள்ளியவள் குட்டைதான். இருவரும் நர்சிங் பள்ளியில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். உயர வரிசையில் நிறுத்தியபோது ஒருத்தி இந்தக் கோடியிலும் மற்றவள் அந்தக் கோடியிலும் நின்றார்கள். யார் செய்த புண்ணியமோ, ஹாஸ்டலில் மட்டும் கட்டில் பக்கத்துப் பக்கத்தில் விழுந்தது. அன்று ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்கள்தாம். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரெல்லாம் சம்பளப் பட்டியலோடு சரி.

படிப்பு முடிந்து ஒரே ஆஸ்பத்திரியில் வேலை, வார்டு வார்டாக ஒன்றாகவே உருண்டார்கள். வாடி போடி இல்லாமல் அவர்களுக்குள் பேச்சே கிடையாது. நெட்டை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "நான் ஒருத்தி படுத்துறது போதாதா அவளுக்கு?" என்று குட்டை முந்திக்கொண்டு வாயை அடைப்பாள். நெட்டை வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்புப் படித்தாள். பரீட்சை நாட்களில் அவளுடைய டியூட்டியையும் சேர்த்து இழுத்துப்போட்டுக்கொண்டு செய்தவள் குட்டை. "எனக்குப் படி ஏறினா மூச்சு வாங்கும். மாடி ஆபீஸுக்கு நீயே போடி" என்று அவள்தான் விண்ணப்பம் போட வைத்தாள்.

அப்படி மாடிக்குப் போனவள், நர்சிங் மேற்பார்வையாளராக முதல் நாள் வார்டைச் சுற்றிப் பார்க்கக் கீழே இறங்கி வந்தாள். குட்டை எழுந்து நின்று, "குட் மார்னிங் மேடம்" என்றாள். கிண்டல் என்று நினைத்து நெட்டை வாய்விட்டுச் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. குட்டையும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற சின்னப் பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

தனியாகப் பிடித்துக் கேட்டபோது, "வேலை செய்ற இடத்துல ஒரு மரியாத வேணாமா? நாளைக்கு இந்தப் பிள்ளைங்க உங்கள மதிக்கணும்ல?" என்றாள். உங்கள! நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மரியாதை என்பது ஒரு பொல்லாத சாமான். வேலை நேரத்துக்கு மட்டும் என்று உள்ளே விட்டால் வேலை முடிந்த பிறகும் எழுந்து போகாது. போனில் பேசினாலும் 'நீங்க' வந்தது. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு நெட்டை பழையபடி மருந்து அறைக்குப் போய்ப் பார்த்தாள். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பு டக்கென்று நின்றது. ஆளாளுக்கு வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். அதற்குப் பிறகு அவள் மாடியிலேயே, சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அடுப்பைப் பற்றவைக்கும்போது, "சாப்பிட்டுத் தொலைடி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டாள். சொன்னது குட்டையின் குரலில். கேட்க ஆள் இல்லாத வீட்டில் அந்தக் குரல் அவளுக்கே அழுகையை வரவழைத்தது.

இப்படி மாதங்கள் ஓடின. ஒரு சாயங்காலம் குட்டை மாடி ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது. உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"நெட்ட, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்டி."

தப்பு என்ற சொல்லுக்கு முன்னால் அந்த 'டி'தான் நெட்டையின் காதில் விழுந்தது. வெட்கக்கேடு, ஒரு நிமிடம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"ஜன்னலோரம் வேணும்னு ரெண்டு பேரு பெட்ட மாத்திக்கிட்டாங்கடி. என்கிட்ட யாரும் சொல்லல. மத்தியானம், பதினாலாம் பெட்டுக்கு இன்சுலின்னு மனசுல வச்சுக்கிட்டு நேராப் போய்ப் போட்டுட்டேன். ஊசிய எடுத்ததும் அந்த ஆளு, 'எனக்குச் சர்க்கரையே இல்லையேம்மா'ங்கறாரு."

"இப்ப எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு. உடனே டாக்டரக் கூப்பிட்டு குளுக்கோஸ் ஏத்திட்டோம். அடிக்கடி விரல்ல குத்திச் சர்க்கரை பாக்கறதுக்குத்தான் திட்டிட்டிருக்காரு."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் ஆகல, மேல பேசிக்கோங்கன்னுட்டாரு. மேலன்னா நீதானடி." குட்டை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "வார்டு இன்சார்ஜ் பதவிக்கு என் பேரு போயிருக்கு. இது வெளிய வந்தா அதோட போச்சு. இவ்வளவு வருஷத்துல ஒரு தப்பு, ஒண்ணே ஒண்ணு. பாத்துக்கோடி."

"போடி, பாத்துக்கலாம்" என்று சொன்னால் போதும். போனதெல்லாம் திரும்ப வந்துவிடும், மருந்து அறைச் சிரிப்பு உட்பட. நெட்டைக்கு அது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பரீட்சை நாட்களும் நினைவுக்கு வந்தன. அவள் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை.

ஆனால் பெயரைக் கேட்காமல் பெட் நம்பரைச் சொல்லி வேலை செய்வது குட்டையின் பழக்கம் மட்டுமா? நெட்டையும் அப்படித்தான் வளர்ந்தாள். கீழே இருக்கும் சின்னப் பெண்களுக்கும் இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைத்தான் பழக்கியிருக்கிறார்கள். இந்த ஆள் வாயைத் திறந்ததால் பிழைத்தார். அடுத்த முறை அந்தப் படுக்கையில் மயக்கத்தில் ஒருவர் கிடந்தால் யார் சொல்வது? மூடி மறைத்தால் பழக்கம் அப்படியே இருக்கும். எழுதினால்தான் வார்டு மாறும். 'டி' போட்டுக்கொண்டு அதை எழுத முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"உக்காருங்க சிஸ்டர்" என்றாள் நெட்டை. "முதல்லருந்து சொல்லுங்க. இத நான் எழுதியாகணும்."

குட்டை அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கவில்லை, முகம்தான் மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"சரிங்க மேடம்."

சொல்ல ஆரம்பித்தாள். ஒன்றையும் மறைக்கவில்லை. பெட் மாற்றிக்கொண்டவர்கள் மேல் பழி போடவில்லை, யாரும் சொல்லவில்லை என்ற புகாரைக்கூட விட்டுவிட்டாள். நல்ல நர்ஸ் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். நெட்டை ஒரு வரி விடாமல் கேட்டு எழுதினாள். முடிந்ததும் குட்டை கையெழுத்துப் போட்டாள், எழுந்தாள், போய்விட்டாள்.

அவள் மத்தியானமே சாப்பிட்டிருக்க மாட்டாள் என்பது அப்போதுதான் நெட்டைக்கு உறைத்தது. பதற்றம் வந்தால் குட்டைக்குச் சோறு இறங்காது. அதை மட்டுமாவது கேட்க வேண்டுமென்று வாசலுக்கு ஓடினாள். குட்டை வராந்தாவின் பாதியைக் கடந்திருந்தாள். ஷிப்ட் மாறும் நேரம், அந்தக் கூட்டத்தில் பட்டப்பெயரைச் சொல்லிக் கத்த முடியாது. இனிமேல் அப்படிக் கூப்பிடும் உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

"சிஸ்டர்!" என்று கூப்பிட்டாள்.

வராந்தாவில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். குட்டை நடந்துகொண்டே இருந்தாள். கூப்பிடுவது தன்னைத்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?