இடப்பக்க மூக்குத்தி

பதுளைக் கடைத்தெருவில் மர்ஸூக் நானாவிடம் படம் எடுக்கப் போகிறவர்கள் இரண்டு தொல்லைகளுக்குத் தயாராகப் போக வேண்டும். கழுத்துக்குப் பின்னால் அவர் நிறுத்தி வைக்கும் இரும்புக் கவையில் தலையை முட்டுக் கொடுத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. அவர் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது மற்றது. முதல் தொல்லையாவது சீக்கிரம் முடிந்துவிடும்.

துரைமார் வீட்டுக் கல்யாணம் என்றால் கண்டியிலிருந்து பெரிய படக்காரர்கள் பெட்டி படுக்கையோடு வந்து காகிதப் படம் எடுப்பார்கள். மர்ஸூக் எடுத்தது தகரப் படம். மருந்து பூசிய மெல்லிய கறுப்புத் தகரத்தைப் படப்பெட்டிக்குள் போட்டு, எடுத்து, இருட்டறையில் தட்டிலே கழுவினால் ஆள் வந்துவிடுவார். ஈரம் காய்ந்ததும் கையோடு கொண்டு போகலாம். பந்தல் போட்டு மேளம் கொட்டிக் கல்யாணம் செய்கிறவர்கள் அவரைத் தேடி வருவது அபூர்வம். வந்தவர்கள் பெரும்பாலும் ஓடி வந்தவர்கள்தான். கோயிலில் அவசர அவசரமாகத் தாலி கட்டிக்கொண்டு, மாலை வாடும் முன்னே அவர் கடைப்படியில் வந்து நிற்பார்கள். போகிற ஊரில் நாலு பேர் கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு படம் வேண்டும் அல்லவா?

ஐப்பசி மழை சற்று ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில் அப்படித்தான் அழகையாவும் அங்கம்மாவும் வந்தார்கள். அழகையா பசறையிலிருந்து பண்டாரவளை ரயிலுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிப் போகும் மாட்டு வண்டிக்காரன். அங்கம்மா நமுனுகுல மலையில் ஒரு தோட்டத்துப் பெண். முந்தின நாளே புறப்பட்டுவிட்டார்கள். ஆனால் பண்டாரவளைப் பாதையில் ஹாலிஎலைக்கு அப்பால் மண் சரிந்து பாதை அடைபட்டுக் கிடந்தது. வழி திறந்ததும் கூட்டாளியின் வண்டியில் பண்டாரவளை போய், ரயிலேறி, நாவலப்பிட்டியில் இருக்கும் அழகையாவின் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேருவதாகத் திட்டம். அதுவரை எங்கேயாவது ஒதுங்கியிருக்க வேண்டும்.

மர்ஸூக் அவர்களை உட்கார வைத்து, கவையை முட்டுக் கொடுத்து, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். அவருடைய பெட்டிக்கு இரண்டு கண்கள். ஒரு தடவை எடுத்தால் தகரத்தில் இரண்டு படம் விழும், வெட்டிப் பிரிக்க வேண்டியதுதான். அன்றைக்கு விழுந்தது அபாரமான படம். அங்கம்மாவின் மூக்குத்தி தனியாகப் பளிச்சிட்டது. ஒன்றை அவர்கள் கையில் கொடுத்தார். மற்றதை, வெயில் இருக்கும்போதே காயட்டும், போகிறவர் வருகிறவரும் கொஞ்சம் பார்க்கட்டும் என்று, கடை வாசலில் மாதிரிப் படங்கள் தொங்கும் பலகையில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வந்தார். ஆளுக்கு அவ்வளவு பெருமை.

அங்கம்மா படத்தைப் பார்த்ததும் முகம் சுண்டிப் போனாள்.

"நானா, இது நான் இல்லங்க. எனக்கு மூக்குத்தி வலப்பக்கம். இதுல இடப்பக்கமா இருக்கு. கன்னத்து மச்சங்கூட மாறிப் போச்சு. ஏதும் கெட்ட சகுனமா?"

மர்ஸூக்குக்கு இதைவிடப் பிடித்த கேள்வி உலகத்தில் கிடையாது.

"சகுனமும் இல்ல, ஒண்ணும் இல்ல புள்ள. தகரப் படம் கண்ணாடி மாதிரி. வலது இடதாகும், இடது வலதாகும். மாப்புளையையும் பொண்ணையும் நான் பக்கம் மாத்தித்தான் இருத்துறது. ஆளை மாத்தி இருத்தலாம், மூக்குத்திய மாத்திக் குத்தவா ஏலும்? இதக் கேளு. போன வருஷம் ஒரு கங்காணியார் வந்தார். கோட்டு, தலப்பா, கையில வெள்ளிப் பூண் போட்ட கம்பு. படத்தப் பாத்துட்டு, 'யோவ், நான் என்ன பீச்சாங்கைக்காரனா?'ன்னு குதிச்சாரு பாரு! அரை நாள் விளக்கம் சொன்னேன். பொறகு கம்ப இடது கையில புடிக்க வச்சு இன்னொண்ணு எடுத்தேன். அதுல சரியா வலது கையில வந்துச்சு. இடது கையில கம்போட அவர் இருந்த இருப்ப நீ பாக்கணுமே, காவடி தூக்கத் தெரியாதவன் காவடி தூக்கின மாதிரி."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அங்கம்மா சிரிக்கவில்லை.

"அது எங்க அப்பா" என்றாள்.

மர்ஸூக்கின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வீரய்யா கங்காணியின் மகளா? அவர் ஒரு குரல் கொடுத்தால் மலையில் கூலிக்காரர் குடியிருக்கும் லயங்களில் பாதி எழுந்து நிற்குமே! விஷயத்தை அழகையாதான் தயங்கித் தயங்கிச் சொன்னான். பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி கந்தப்பன், மனைவியை இழந்தவன், தொட்டதற்கெல்லாம் கை நீட்டி அடிக்கிற மனிதன், பெண் கேட்டு வந்திருக்கிறான். திருவிழாச் சந்தடியில், பத்துப் பேர் முன்னால், வீரய்யா சரி என்று சொல்லிவிட்டார்.

"அப்பா கெட்டவரு இல்லங்க" என்றாள் அங்கம்மா. "அந்தாளப் பத்தி பொறகுதான் கேள்விப்பட்டாரு. அன்னையிலருந்து சரியா சோறே திங்கல. ஆனா குடுத்த வாக்க மாத்த மாட்டாரு. எல்லாரும் பாக்கக் குடுத்தது."

"உள்ளுக்கு வாங்க ரெண்டு பேரும்" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மர்ஸூக்கின் மனைவி ஸித்தி ஸுபைதா. "வாசல்ல நிண்டு கதைக்கிற கதையா இது? புள்ள பசியில வெளிறிப் போய் ஈக்கு. இவருக்குக் கதைதான் பெருசு."

கடைக்குப் பின்னால் வீடு. நடுவே ஒரு தடித்த திரை. பெண்ணும் மாப்பிள்ளையும் அதற்கு அப்பால் போனார்கள். சற்று நேரத்தில் சோற்று மணமும் ஸுபைதாவின் அதட்டலும் வந்தன. "இன்னொரு பிடி போடுறேன், பேசாமத் தின்னு மக." மர்ஸூக் தட்டுகளைக் கழுவி வைத்தார். மனம் ஒரு நிலையில் இல்லை. அந்தக் கலக்கத்தில் வாசல் ஆணியில் மாட்டிய படத்தைச் சுத்தமாக மறந்து போனார்.

அது நினைவுக்கு வந்தபோது காலம் கடந்துவிட்டது. வாசலில் ஒரு பருத்த குரல் கேட்டது.

"வீரய்யாண்ணே, இங்க வாங்க! இது அங்கம்மா இல்ல?"

மர்ஸூக் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு ஓடினார். வாசலில் கந்தப்பன் பலகையில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். அவன் பின்னால், முழங்கால் வரை சேற்றோடு, வெள்ளிப் பூண் போட்ட கம்பை ஊன்றிக்கொண்டு வீரய்யா கங்காணி வந்தார். போன வருஷம் பார்த்த மனிதரா இவர் என்று இருந்தது. கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

தன் கையாலேயே அந்தப் பெண்ணைக் காட்டிக் கொடுத்துவிட்டோமே என்று மர்ஸூக் தன்னைத்தானே சபித்துக்கொண்டார். படத்தைக் கொண்டுபோய்த் தெருவில் மாட்டச் சொல்லி யார் அழுதது?

வீரய்யா ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். தாலியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், பக்கத்தில் விறைத்து உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்தார்.

"இது எம் மக இல்ல" என்றார்.

"என்னண்ணே சொல்றீங்க? அச்சு அசலா..."

"எம் மகளுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்? நீங்க பாத்தீங்கதானே?"

கந்தப்பன் யோசித்தான். "வலப்பக்கம்."

"இதுக்கு?"

கந்தப்பன் குனிந்து பார்த்தான். "இடப்பக்கம்."

"மச்சம்?"

"அதுவும்... இடப்பக்கமாத்தான் இருக்கு." கந்தப்பன் தலையைச் சொறிந்தான். "அப்ப வேற புள்ளதான். என்னா ஒத்துமை!"

மர்ஸூக்கின் வாய் தன்னால் திறந்தது. பல வருஷப் பழக்கம், என்ன செய்வது? தகரப் படம் கண்ணாடி மாதிரி என்ற வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்து நின்றன. அவற்றை வாழ்நாளில் முதல் தடவையாக மென்று விழுங்கினார். விழுங்கியபோதுதான் பொறி தட்டியது. இதே மனிதருக்கு, இதே இடத்தில் வைத்து, அரை நாள் விளக்கம் சொல்லவில்லையா? கம்பை இடது கைக்கு மாற்றிப் பிடித்தவர் இவர்தானே? இவர் மறந்திருப்பாரா?

அந்த நேரம் பார்த்து உள்ளே 'ணங்' என்று மெட்டிச் சத்தம் கேட்டது. புது மெட்டி, தரையில் தெளிவாகக் கேட்டது. முஸ்லிம் வீட்டில் மெட்டி ஏது? கந்தப்பன் திரையைத் திரும்பிப் பார்த்தான்.

"உள்ள யாரு?"

வீரய்யா சட்டென்று கந்தப்பனுக்கும் திரைக்கும் நடுவில் வந்து நின்றார்.

"பொம்பளைங்க இருக்கிற எடம். அங்க எதுக்குப் பாக்குறீங்க? அந்தப் பயலுக்குத் தாய்மாமன் லுணுகலையில இருக்கானாம். அங்கதான் போயிருப்பாங்க. நீங்க முன்னால போய் வண்டியப் பேசுங்க."

"லுணுகலையா? அது எதிர்ப் பக்கமாச்சே! முன்னாலயே சொல்லியிருந்தா இம்புட்டுத் தூரம் வந்திருக்க வேணாமே" என்று முணுமுணுத்துக்கொண்டே கந்தப்பன் படியிறங்கினான். வீரய்யா படத்தை மேசைமேல் வைத்துவிட்டு அவனோடேயே போய்விட்டார்.

மர்ஸூக் அப்பாடா என்று நாற்காலியில் விழுந்தார். போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் திரை அசையவில்லை. அப்போதுதான் கவனித்தார், வெள்ளிப் பூண் போட்ட கம்பு சுவரில் சாய்ந்து நின்றது. தூக்கத்திலும் கம்பை விடாத மனிதர் என்று மலையெல்லாம் பேர் வாங்கியவர், இங்கே மறந்துவிட்டுப் போகிறாரா?

நினைத்தபடியே வீரய்யா திரும்பி வந்தார், தனியாக. கம்பை எடுத்துக்கொண்டார். எடுத்தவர் போகவில்லை. மேசைமேல் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பண்டாரவளைப் பாதையில மண்ணு அள்ளி முடிச்சிட்டாங்களாம்" என்றார், யாருக்கோ சொல்வது போல, கொஞ்சம் உரக்க. "மத்தியானத்துக்கு மேல வண்டி போகுமாம். கந்தப்பனோட நான் லுணுகலைக்குப் போறேன். அங்க எப்படியும் ரெண்டு நாளாவது தேடணும்."

"சரி, கங்காணியாரே" என்றார் மர்ஸூக்.

"இந்தப் படத்த நான் எடுத்துக்கட்டுமா?"

மர்ஸூக் அதைப் பழைய துணியில் சுற்றிக் கொடுத்தார். வீரய்யா வாங்கிக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் நின்றார். முகத்தைத் திருப்பவில்லை.

"மூக்குத்தி இடப்பக்கம் இருக்கிற இந்தப் புள்ள... சாப்பிட்டுச்சா?"

மர்ஸூக் திரையை ஒரு பார்வை பார்த்தார். "வயிறு நிறையச் சாப்பிட்டுச்சு. எங்கட வீட்டாள் பக்கத்துல இருந்து போட்டாங்க."

"சரி" என்றார் வீரய்யா. "அப்ப சரி."

அவர் படியிறங்கியதுதான் தாமதம், திரையைத் தள்ளிக்கொண்டு அங்கம்மா ஓடி வந்தாள். ஸுபைதா எட்டிப் பிடித்திராவிட்டால் தெருவுக்கே போயிருப்பாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஈரத் தெருவில் அவள் அப்பா நடந்துகொண்டிருந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், வலது கையிலிருந்த கம்பை இடது கைக்கு மாற்றினார். பழக்கமில்லாத கையில் அது தாறுமாறாக ஊன்றியது. அப்படியே தட்டித் தடுமாறி, முச்சந்தி திரும்பும்வரை போனார்.

"நானா, பாத்தீங்களா?" அங்கம்மா அழுதாள், அழுகையோடேயே சிரித்தாள். "அப்பா கம்ப எந்தக் கையில புடிச்சிட்டுப் போறாரு, பாத்தீங்களா?"

மர்ஸூக் நானா பார்த்தார். அன்றைக்கு மட்டும் அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டிக்கு நேரமாகிறது என்று அழகையாவைக் கூப்பிட்டார்.