போன இடம்

அந்த ஆஸ்பத்திரியில் உடைந்து சேர்ந்த கால்கள் எல்லாம், மாவுக்கட்டைப் பிரித்ததும், உடைந்தபோது எங்கே போய்க்கொண்டிருந்தனவோ அங்கேதான் முதலில் போயின. தபால்காரரின் பாதம், எட்டு வாரம் தாமதமான கடிதத்தை மஞ்சள் கேட் வீட்டில் கொடுத்த பிறகே நின்றது. சினிமா வரிசையில் கணுக்கால் முறிந்த தையல்காரி, படம் மாறிப்போயிருந்தும் அதே கவுண்டர் முன்னால் போய் நின்றாள். அதனால் பெரிய டாக்டர், தேறியதைச் சோதிக்கும் படிவத்தில் வலி, வீக்கம், படியேறுதல், ஒற்றைக்காலில் நிற்றல் எல்லாவற்றுக்கும் கீழே ‘போன இடம்’ என்று ஒரு கட்டம் சேர்த்தார். அதை நிரப்பாமல் யாரையும் குணமானவர் என்று எழுதக் கூடாது. நிரப்புவது கட்டு போடும் அம்மாவின் வேலை. படிவமும் பேனாவுமாகப் பின்னாலேயே நடந்து நடந்து, அவளுக்குத் தெரியாத சந்து ஊரில் இல்லை.

கல்யாணமான ஒன்பதாம் வருஷம், தூறல் விழுந்த ஒரு காலையில், அவள் கணவனே ஸ்ட்ரெச்சரில் வந்தான். வீட்டுப் படியில் விழுந்திருந்தான். கூடவே ஒரு பெட்டியும் வந்தது. அதில் அவனுடைய சட்டைகள் அத்தனையும் இருந்தன. எங்கே கிளம்பினீர்கள் என்று கேட்க வாயெடுத்தவள், “விரல அசைங்க” என்றாள். அசைத்தான். எக்ஸ்ரேயில் எலும்பு முறுக்கிக்கொண்டு உடைந்திருந்தது. கட்டை அவள்தான் போட்டாள், வழக்கத்தைவிட இரண்டு சுற்று அதிகமாக.

அந்த வாரங்களைப் போல் அவர்கள் அதற்கு முன் வாழ்ந்ததில்லை. சட்டைகளை அவள் அலமாரியில் திரும்ப அடுக்கியதை அவன் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். கட்டுக்குள் அரிக்கிறது என்று அவன் குச்சி தேடினால் பிடுங்கி எறிந்துவிட்டு, விசிறியால் விசிறினாள். “உன் கையெழுத்துதான் கோணல். கட்டு நல்லாத்தான் போடற” என்றான். வருஷக்கணக்கில் அவளிடம் அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. ஆறு வாரம் எட்டானது, பத்தானது. இன்னும் கூடவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டேயிருக்க, ஒருநாள் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

“எலும்பு என்னிக்கோ கூடிடுச்சு. கட்டோடயே குடும்பம் நடத்தப் போறியாம்மா?”

பிரித்தாள். கால் மெலிந்து வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இடப்பக்கம் ரயில் நிலையம், வலப்பக்கம் வீடு. கால் வலப்பக்கம் திரும்பியபோதுதான் அவளுக்கு மூச்சே வந்தது. தெருவைக் கடந்து, படியேறி, கூடத்துக்குள் நுழைந்து, சுவரில் ஆணியில் தொங்கிய குடைக்கு நேரே போய் நின்றது. அவன் குடையை எடுத்தான்.

“மழைன்னு இத எடுக்கத் திரும்பினேன். அப்பதான் வழுக்கிடுச்சு.”

“அப்புறம்?”

“அதுக்கு மேல இந்தக் காலுக்கு ஒண்ணும் தெரியல போல.”

உண்மைதான். கால் தன் வேலையை முடித்துவிட்டது. இனி அவன் இஷ்டம். அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெகு நேரம் கழித்து அவன் குடையைத் திரும்ப ஆணியில் மாட்டினான்.

“வலிக்குது. கொஞ்சம் உக்காரட்டுமா?”

“உங்க வீட்ல உக்கார என்னையா கேக்கறீங்க?” என்றாள். வலி: உண்டு. போன இடம்: குடை. கீழே, குணமானார் என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

அதன்பின் இருபத்தாறு வருஷம், மழைநாட்களில் அவன் நனைந்துகொண்டேதான் வேலைக்குப் போனான். நனைந்துகொண்டேதான் வீடு திரும்பினான். வாசலில் துண்டோடு நிற்பாள். குடையை எடுத்துக்கொண்டு போங்களேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.