மாமனார் பங்களா யானை

சாயங்கால ரயில் வருகிற நேரத்தில் நான் போடி ஸ்டேஷனில் நின்றதற்குக் காரணம் கறிவேப்பிலை. ஸ்டேஷன் வாசலில் விற்கிறவளிடம் தழை பச்சையாக இருக்கும். எதிர்வீட்டுக் கண்ணுச்சாமி அண்ணன் மகள் கருப்பம்மாள் பம்பாயிலிருந்து புருஷனோடு வந்து இறங்குகிற அன்றைக்குப் பார்த்து என் வீட்டில் கறிவேப்பிலை தீர்ந்துபோனால் அதற்கு நானா பொறுப்பு?

ரயில் வந்து நின்றபோது இறங்கிய இரண்டு பேரையும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பம்பாய், மெட்ராஸ், மதுரை என்று வண்டி மாறி மாறி வந்ததில் இரண்டு முகத்திலும் ரயில் கரி அப்பியிருந்தது. மாப்பிள்ளை வெள்ளைத்துரையின் தலையில் பெயருக்குத் தோதாக ஒரு துரைத் தொப்பி, கழுத்தில் பைனாகுலர், கையில் கூஜா. பெட்டியை மட்டும் காணோம்.

"பெட்டி எங்க மாப்ளே?" என்றார் அழைத்துப்போக வந்திருந்த கண்ணுச்சாமி அண்ணன்.

"மதுரையில கூலியாளு ராமேஸ்வரம் வண்டியில ஏத்திட்டான் மாமா."

இந்தப் பயணத்துக்கென்றே தைத்த காக்கி நிஜார், காக்கிச் சட்டை, முழங்கால் உயரப் பூட்ஸ் எல்லாம் மாப்பிள்ளைக்கு முந்திக்கொண்டு தீர்த்தமாடப் போய்விட்டன.

காக்கி எதற்கு என்று கேட்பீர்கள். மாப்பிள்ளை பிறந்தது வளர்ந்தது எல்லாம் பம்பாய். கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. அவருடைய துரை ஆப்பிரிக்காவுக்குப் போய் ஜீப்பில் உட்கார்ந்தபடியே சிங்கமும் யானையும் பார்த்துவிட்டு வந்தாராம். அதற்குச் சபாரி என்று பெயராம். "எனக்கும் மாமனார் ஊரிலே சபாரி உண்டு" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி, துரையிடமே பைனாகுலரை இரவல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மாப்பிள்ளை குளிக்கப் போனதும் கருப்பம்மாளுக்குச் சிக்கெடுக்க உட்கார்ந்தேன். சிக்கெடுக்கும்போது வராத பேச்சு வேறெப்போதும் வராது.

"அத்தே, யானை மட்டும் வரலைன்னா நான் செத்தேன்" என்றாள்.

"ஏன் தாயி, அப்பிடிச் சொல்ற?"

பெண் பார்க்க வந்த அன்று அண்ணன் வாய் சும்மா இருக்காமல், "மலை மேல நமக்குப் பங்களா இருக்கு மாப்ளே, விடிஞ்சா வாசல்ல யானை நிக்கும்" என்று சொல்லிவைத்தார். மாப்பிள்ளை அதைப் பாதி நம்பினார், பாதி நம்பவில்லை. நம்பாத பாதியை வைத்துக்கொண்டு பெண்டாட்டியை வறுத்தெடுக்கிறார். பால்காரன் வருவான் என்று இவள் சொன்னால், "உங்கப்பா யானை வர்ற மாதிரியா?" சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது என்றால், "உங்கப்பா யானை மாதிரியா?"

"நான் எதைச் சொன்னாலும் பொய்யாப் போச்சு அத்தே. பக்கத்து வீட்டு மராட்டிக்காரி வரைக்கும் சிரிக்கிறா. யானை வந்தாத்தான் எனக்கு அந்த வீட்டுல வாயி."

பங்களா என்பது தகரக் கூரை போட்ட, ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் என்பதும், யானை அங்கே வந்தது யுத்த காலத்தில் ஒரே ஒரு தடவை என்பதும் போடியில் இவளைத் தவிர எல்லாருக்கும் தெரியும். சொல்லியிருப்பேன். சிக்கு பெரிய சிக்காக இருந்ததால் விட்டுவிட்டேன்.

"கவலப்படாத. தொணைக்கு நானும் வர்றேன்" என்றேன்.

நான் போனது யானையைப் பார்க்க இல்லை. யானை வராதபோது மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க.

மறுநாள் காலையில் டிரைவர் சுருளியின் ஜீப்பு வந்தது. பட்டாளத்தில் வேண்டாம் என்று தள்ளிய வண்டி. உள்ளே ஏற்கெனவே ஏலக்காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் அடைந்திருந்தார்கள். மாப்பிள்ளை மாமனாரின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, தொப்பியும் பைனாகுலருமாக வந்து நின்றார். பெண்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் பெண்டாட்டி ஒச்சம்மாள் ஒரு பலாப்பழத்தைத் தூக்க மாட்டாமல் தூக்கி வந்தாள். பழுத்து வெடித்த பழம். வாசனை தெருமுனை வரை அடித்தது.

"ஆத்தா, ஆளு உக்கார எடமில்ல. இதை எங்க வைக்க?" என்றான் சுருளி.

"ஒன் மடியில வையி. மொத மொதலா மாப்ள மேல போறாரு, வெறுங்கையோட அனுப்பவா?"

கடைசியில் அது மாப்பிள்ளையின் மடியிலேயே உட்கார்ந்தது.

போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வளைவிலும் மாப்பிள்ளை தலையை வெளியே நீட்டினார். இயற்கை அழகைப் பார்க்க இல்லை.

"இந்தப் பழத்தைத் தூக்கிப் போடுடி. நாத்தம் கொடலைப் பொரட்டுது."

"எங்கம்மா குடுத்தது. போட மாட்டேன்."

பாதி மலையில் ஜீப்பு ஆவி விட்டு நின்றது. மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். வேலைக்காரப் பெண்கள் காலில் புகையிலைத் தண்ணீர் தேய்த்திருந்தார்கள், அட்டை ஏறாது. மாப்பிள்ளைக்கும் கொடுத்தார்கள். அந்த வாடை ஆகாது என்றுவிட்டார். மேலே போய்ச் சேர்ந்தபோது அவர் கெண்டைக்காலில் அட்டைகள் கொத்தாகத் தொங்கின. கருப்பம்மாள் சுண்ணாம்பைத் தடவித் தடவி உதிர்த்தாள்.

மாப்பிள்ளை நிமிர்ந்து தகரக் கூரையைப் பார்த்தார். மழை உள்ளேயும் பெய்துகொண்டிருந்தது.

"இதுதான் பங்களாவா மாமா?"

"கட்டிக்கிட்டே இருக்கோம் மாப்ளே" என்றார் அண்ணன், கண்ணைக் கூட இமைக்காமல்.

"அப்ப யானை?"

அண்ணன் திடீரென்று அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார். கருப்பம்மாள் தரையைப் பார்த்தாள். மாப்பிள்ளை சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

"மொதல்ல இந்தப் பழத்தை வெளிய கொண்டுபோய் வைங்க. நான் தூங்கணும்."

வீசியெறிய மனமில்லாமல் கருப்பம்மாள் அதைப் பின்பக்க ஜன்னலுக்கு வெளியே, கூரைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு வந்தாள். காய் உலர்த்துகிற அறையில் மட்டும்தான் ஒழுகவில்லை. ஏலக்காய் வாசத்திலும் வெக்கையிலும் எல்லாரும் அடித்துப் போட்டதுபோல் தூங்கினோம்.

நன்றாக விடிந்த பிறகு மாப்பிள்ளை எழுந்தார். பின்பக்க ஜன்னல் திட்டில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, பைனாகுலரைக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஜன்னல் கதவைத் திறந்தார்.

"உங்கப்பா யானை எந்தத் திக்குலடி வரும்? ஒண்ணுமே தெரியல. ஒரே சாம்பலா இருக்கு. மூட்டமா?"

கருப்பம்மாள் ஜன்னலைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். பிறகு மிக மெதுவாகச் சொன்னாள்.

"கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருங்க."

கழற்றினார். மூட்டம் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தது. கொட்டை, சடை, தோல் எதையும் விடவில்லை. தின்று முடித்து, தும்பிக்கையை நீட்டி ஜன்னல் திட்டிலிருந்த தொப்பியை எடுத்து முகர்ந்தது. ருசிக்கவில்லை போலும். கீழே போட்டு ஒரு மிதி மிதித்துவிட்டு, அவசரமில்லாமல் சரிவில் இறங்கிப் போயிற்று.

மாப்பிள்ளை எப்போது ஜன்னலை விட்டு வந்து என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. அதையாவது மன்னிக்கலாம், யானைக்கு உரிமைக்காரரான கண்ணுச்சாமி அண்ணன் அதற்கு முன்பே பரண்மேல் இருந்தார்.

"போயிருச்சா தங்கச்சி?" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது.

"போயிருச்சுண்ணே. தெனம் வர்றதுதான, எதுக்குப் பரண்ல ஏறுனீக?"

கருப்பம்மாள் சிரித்தாள் பாருங்கள், வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

அவர்கள் ஊருக்குத் திரும்புகிற அன்றைக்குத்தான் ராமேஸ்வரத்திலிருந்து பெட்டி வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை ரயிலடியிலேயே பூட்ஸை மாட்டிக்கொண்டார். நசுங்கிய தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். துரையிடம் காட்ட அதைவிடச் சாட்சி வேண்டாமாம். எனக்கு மறுபடியும் கறிவேப்பிலை தீர்ந்துபோனதால் வண்டி ஜன்னலோரம்தான் நின்றேன்.

"சாப்பாட்டுத் தூக்கை வீட்லயே வச்சிட்டு வந்துட்ட பாத்தியா?" என்று பெண்டாட்டியின் மேல் பாய்ந்தார்.

"எடுத்து வச்சேன்."

"எங்க வச்ச? உங்கப்பா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தூக்கு அவர் காலடியிலேயே, பூட்ஸுக்குப் பக்கத்தில் இருந்தது. கருப்பம்மாள் அதைக் காட்டவில்லை. பைனாகுலரை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"வேணாம்" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை தானாகவே குனிந்து தேட ஆரம்பித்தார்.